ஜுரம் விட்ட அன்று நான் கேட்ட கேள்வி

எனக்கு வாய் அதிகம். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மனதில் ஒன்று தோன்றினால் அது நாக்குக்கு வந்து சேர எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆறு வயதில் ஒருநாள், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குக் கிளம்பிய அப்பாவைப் பார்த்து, "நைனா, எங்க போறே?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். கடலுக்குப் போகிறவரை அப்படிக் கேட்கவே கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்கப்பட்டவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சற்று நேரம் கழித்துத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் குப்பத்தில் இது எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால்கூட "தூரமா?" என்றுதான் கேட்பேன்.

இப்போது கல்மண்டபத்தில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். ஊசி குத்தி ரத்தம் எடுப்பது, அதைச் சுழற்றிப் பார்ப்பது, எண்களை எழுதிக் கொடுப்பது. பக்கத்து அறையிலேயே ஒரு டாக்டர் மேடம் நோயாளிகளைப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் எனக்கு 'ரத்தக் காட்டேரி' என்று பெயர். வைத்தது என் அண்ணன். அவன் விசைப்படகு ஓட்டுகிறான். ஏழு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனால் கரைக்கு வர நான்கைந்து நாள் ஆகும். வந்ததும் வராததுமாக, "இன்னாம்மே காட்டேரி, எத்தினி லிட்டர் ஆச்சு?" என்று கேட்டால்தான் அவனுக்குக் கடலிலிருந்து திரும்பியதாகவே தோன்றும் போல.

நான் படித்தது நுண்ணுயிரியல். இண்டர்ஃபெரானைப் பற்றிக் கல்லூரிப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்து எழுதினேன், எழுதியதும் மறந்தேன். அது என்ன சமாச்சாரம் என்று எனக்கு உறைத்தது பல வருடம் கழித்து, ஒரு மழைநாள் காலையில், தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை போகிற பஸ்ஸில். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. போனில் எதையோ படிக்கப் போய் அதில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிடுகிறது. அந்தச் செல் பெரும்பாலும் பிழைக்காது. அதன் வயிற்றுக்குள்ளேயே வைரஸ் ஆயிரக்கணக்கில் குட்டி போட ஆரம்பித்துவிடும். ஆனால் சாவதற்கு முன்னால் அது ஒரு காரியம் செய்கிறது. ஒரு சின்னப் புரதத்தைச் செய்து வெளியே அனுப்புகிறது. அதுதான் இண்டர்ஃபெரான். அது வைரஸைத் தொடக்கூடத் தொடாது. நேராகப் பக்கத்துச் செல்களிடம் போகும், அவற்றின் மேல்தோலில் இருக்கும் ஒரு கொக்கியில் போய் மாட்டும். அந்தச் செல்கள் உடனே விழித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிட்டு, வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடும். ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! தான் போகிற நேரத்தில் அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போகிறது, கண்ணுக்கே தெரியாத ஒரு செல்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படித்தபோது இன்னும் பரவசம். கோழி முட்டைக்குள் இருக்கும் சவ்வை எடுத்து, சூடு காட்டிச் செயலிழக்க வைத்த வைரஸை அதன் மேல் விட்டிருக்கிறார்கள். பிறகு அந்தச் சவ்வு ஊறிக் கிடந்த நீரை மட்டும் எடுத்து, வேறொரு புதுச் சவ்வின் மேல் ஊற்றினார்கள். அதன் மேல் உயிருள்ள வைரஸை விட்டால் அது வளரவே மாட்டேன் என்கிறது. முதல் சவ்வு என்னவோ ஒன்றை அந்த நீரில் சொல்லி வைத்திருக்கிறது! நான் தலையை நிமிர்த்தியபோது கண்டக்டர், "ஏம்மா, பாரிமுனை வந்து பத்து நிமிஷம் ஆச்சு, எறங்கலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வழியிலேயே கல்மண்டபத்தில் இறங்க வேண்டியவள் நான். அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். திட்டு வாங்கியதுகூட மண்டையில் ஏறவில்லை.

அதற்கப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். லேபுக்கு டீ கொண்டுவருகிறவரிடம் சொன்னேன். ரத்தம் கொடுக்க வந்தவர்களைக் குத்துவதற்கு முன்னால் பாதி, குத்திய பின்னால் பாதி என்று சொன்னேன். ஜுரத்தில் உடம்பு வலிப்பதும், சோறு இறங்காததும், சுருண்டு படுக்கத் தோன்றுவதும் முக்கால்வாசி வைரஸ் செய்கிற வேலை இல்லை, நம் உடம்பே அனுப்புகிற இந்தச் செய்திகள் செய்கிற வேலை என்று சொன்னேன். ஒரு காலத்தில் சில கல்லீரல் நோய்களுக்கு இண்டர்ஃபெரானையே ஊசியாகப் போடுவார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு எந்தக் கிருமியும் இல்லாமலே ஜுரம் வந்த மாதிரி உடம்பு அடித்துப் போடும். இதைச் சொன்னால் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கு அது போதும்.

அதே மழைக்காலத்தில் அண்ணனுக்கு ஜுரம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், டெங்கு. டாக்டர் மேடம் பயப்பட ஒன்றுமில்லை என்றார். "நிறையத் தண்ணி, கஞ்சி, இளநீர் குடிக்கணும். வலிக்குதுன்னு கண்ட மாத்திரையைப் போடக் கூடாது. தினமும் ரத்தம் பாக்கணும், ஜுரம் விட்டாலும் பாக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். தினமும் காலையில் வேலைக்கு வரும் வழியில் அவன் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துவந்தேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன்.

அந்த வாரம் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள், அதை இறக்கும் வரை யாரும் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. அதனால் அண்ணன் வீட்டில் படுத்திருப்பதில் யாருக்கும் குறை இல்லை. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது போர்வைக்குள்ளிருந்து முனகினான்.

"எலும்பு எலும்பா ஒடச்சிப் போட்டாப்ல கீதும்மே. ஒரு கொசு கட்ச்சதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"கொசுவும் பண்ணல, வைரஸும் பண்ணலண்ணா. ஒன் ஒடம்பே பண்ணிகினு கீது."

"அடப்பாவி ஒடம்பே!" என்று எழுந்து உட்கார்ந்தான்.

எனக்குக் கேட்கவா வேண்டும்! கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் எடுத்துவிட்டேன். செல், குரல், கொக்கி, முட்டை எல்லாம். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன், ஆனால் மண்டை கூர்மை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னான்:

"அப்போ ஆர்பர்ல ஏத்துற கூண்டு மாதிரின்னு சொல்லு. கடல்ல மாட்டிகினவன் கதி எப்டியோ. கரைல கீறவன் கவுத்த அவுக்காம இருக்கட்டும்னு."

"அதேதாண்ணா! அதேதான்!" என்று நான் கையைத் தட்டினேன். நான் படித்த எதிலும் இதை இவ்வளவு ஷோக்காக யாரும் சொல்லவில்லை.

"அப்போ கூண்டு எறங்கிச்சுன்னா?"

"எறங்கிச்சுன்னா கடல் அடங்கிச்சுன்னு அர்த்தம். ஜுரம் விட்டுச்சுன்னா சண்ட முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதை நான் எங்கேயும் படிக்கவில்லை. எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. பேச்சு வேகத்தில், கதை நன்றாக முடிய வேண்டும் என்ற ஆசையில், நானாகச் சேர்த்தது. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குப் போனால் அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் சிரிப்பு. ஜுரம் இல்லை. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், துளிகூட இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் ஜுரம் விட்டால் தலைக்கு ஊற்றிவிடுவது வழக்கம். தலைக்கு ஊற்றிவிட்டால் நோய் போயாச்சு, ஆள் தொழிலுக்கு லாயக்கு என்று கணக்கு. அதற்கு மேல் யாரும் படுத்திருக்க மாட்டார்கள், படுத்திருந்தால் சோம்பேறி என்பார்கள்.

"தலைக்கு ஊத்திடலாமா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள். ரத்தம் சம்பந்தப்பட்டவள் இல்லையா நான், என் வார்த்தைக்கு ஒரு மரியாதை.

"ஜோரா ஊத்துங்க அண்ணி" என்றேன். ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குக் கிளம்பினேன்.

அண்ணனின் ரத்தத்தை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தேன். ஊசி போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி வேகமாகச் சுழற்றினால், சிவப்பணு எல்லாம் அடியில் போய் நின்றுவிடும், மஞ்சள் நீர் மேலே தெளிந்து நிற்கும். சிவப்பு நூற்றில் எத்தனை பங்கு என்று பார்ப்போம். முந்தின நாள் வரை அவனுக்கு நாற்பத்திரண்டு. அன்று காலை ஐம்பத்தொன்று. நான் தப்பாகச் சுழற்றிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். ஐம்பத்தொன்று. மூன்றாம் தடவையும் போட்டேன். அதே கோடு, அதே இடம். சிவப்பணு ஒரு ராத்திரியில் பெருகிவிடாது. அப்படியானால் குறைந்தது மேலே நிற்கும் மஞ்சள் நீர். அந்த நீர் எங்கே போனது?

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கல்லூரியில் படித்தது, பரீட்சைக்கு அப்புறம் மறந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குரல் கொடுப்பது இண்டர்ஃபெரான் ஒன்று மட்டும் அல்ல. சைட்டோகைன் என்று ஒரு பெரிய கூட்டமே உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செய்தி. டெங்கு வைரஸ் பலே திருடன், செல்லுக்குள் போனதும் இண்டர்ஃபெரான் சொல்லும் செய்தி போய்ச் சேராதபடி கம்பியை அறுக்கப் பார்க்கும். உடம்பு விடாது, வேறு வேறு குரலில் இன்னும் பலமாகக் கத்தும். முன்னாலேயே வேறு வகை டெங்கு வந்து போன உடம்பென்றால் சில சமயம் கத்தல் எல்லை மீறிப் போகும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு இதே மாதிரி ஒரு ஜுரம் வந்து போயிருக்கிறது! அந்தக் கத்தலில் மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகிவிடும். ரத்தத்தின் நீர் ஒழுகி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போய்விடும். அது நடப்பது ஜுரம் கொதிக்கும்போது அல்ல. ஜுரம் விடுகிறபோது. வைரஸ் குறைந்த பிறகும் கூச்சல் அடங்காமல் இருக்கிற அந்த ஓரிரண்டு நாளில்.

டாக்டர் மேடத்திடம் ஓடினேன். எண்ணைப் பார்த்ததும், "யாரோடது இது?" என்றார்.

"எங்க அண்ணன் மேடம். இன்னிக்குத்தான் ஜுரம் விட்டுச்சு."

"இன்னிக்குத்தான் ஆபத்தே. வயித்து வலி, வாந்தி இருக்கான்னு கேளுங்க. இருக்கோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரியில சேர்த்திடுங்க, டிரிப்ஸ் ஏத்தணும்."

அண்ணனுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தான். அண்ணிக்குப் போட்டேன்.

"அது அப்பவே கெளம்பிடுச்சே! கூண்டு எறக்கிட்டாங்கன்னு போன் வந்துது. தலைய தொவட்டிகினே ஓடிச்சு."

"கடலுக்கா? சாப்டுச்சா அண்ணி?"

"எங்க சாப்டுச்சு? வயித்த வலிக்குது, போட்ல துன்னுக்கறேன்னுச்சு. நான் சொல்லிப் பாத்தேன். சண்ட முடிஞ்சிபோச்சு, ஒன் நாத்தனாரே சொல்லிட்டான்னுச்சு."

அது நான் சொன்ன வார்த்தை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். ஒரு ஆட்டோவில் ஏறி இருநூறு அடி போவதற்குள், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வாரம் கழித்து எல்லாம் ஒரே நாளில் கிளம்பியிருக்கிறது. ஆட்டோவை விட்டு இறங்கி, கண்டெய்னருக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் புகுந்து ஓடினேன். ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றை நானே கழற்றி எறிந்தேன். நாலு நாள் கடல். நடுக்கடலில் அவனுக்கு டிரிப்ஸ் ஏற்ற யார் இருக்கிறார்கள்? கரையிலிருந்து ஒரு நாள் தூரத்தில் விழுந்தால் திரும்பி வர ஒரு நாள். அதுவரை தாங்குமா? ஓடுகிற வேகத்தில் என்னை நானே திட்டிக்கொண்டே போனேன், சத்தமாகவே திட்டினேன், லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

படகுகள் கட்டும் ஜெட்டி மேடையில் ஏகப்பட்ட கூட்டம். ஐஸ் ஏற்றுகிறவர்கள், டீசல் கேன் உருட்டுகிறவர்கள், மீன்காரப் பெண்கள். அண்ணனின் படகு எஞ்சின் போட்டு உறுமிக்கொண்டிருந்தது. பின்கயிற்றை அவிழ்த்தாகிவிட்டது. முன்கயிறு ஒன்றுதான் பாக்கி. அண்ணன் கேபினுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து நின்றான்.

"அண்ணா! எறங்கு! எறங்குண்ணா!"

அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "டேய், காட்டேரி ஆர்பருக்கே வந்துகிச்சு பாருங்கடா! இன்னாம்மே, வழியனுப்ப வந்தியா?"

"ரத்தத்துல தண்ணி ஒழுவுதுண்ணா! ஆஸ்பத்திரிக்குப் போவணும், எறங்கு!"

"எனக்கு இன்னாம்மே? ஜுரம் வுட்டுச்சு, தலைக்கு ஊத்திகினேன். நீதானே சொன்னே, சண்ட முடிஞ்சிச்சுன்னு!"

படகிலிருந்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். எஞ்சின் சத்தத்தில் நான் சொல்வது பாதி அவர்களுக்குக் கேட்கவில்லை, கேட்டதும் புரியவில்லை. ஐம்பத்தொன்று என்று கத்தினேன். ஐம்பத்தொன்றை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? முன்கயிற்றை அவிழ்க்க ஒருவர் குனிந்தார். அண்ணன் என் பக்கம் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் கேட்டேன். தொண்டை கிழிய, ஜெட்டி முழுவதும் கேட்கும்படி கேட்டேன்.

"அண்ணா! எங்கண்ணா போறே?"

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது. யாருக்கும் கேட்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு முறையும் கேட்டேன். "எங்க போறே? சொல்லிட்டுப் போ, எங்க போறே?"

"அடிப்பாவி, ஒன் வாய்ல கொள்ளி வெக்க!" என்று ஒரு மீன்காரம்மா என் பக்கம் பாய்ந்து வந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவர் நிமிர்ந்து, "இன்னாக்கா, படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது? எட்டு பேரு உசுரு கீது போட்ல!" என்றார். அவர் கண்ணில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் நகரவில்லை. எஞ்சின் அணைந்தது.

அண்ணன் இறங்கி வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா அன்று எப்படி வந்தாரோ அப்படியே வாயை இறுக்கிக்கொண்டு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். இரண்டு வாய் குடித்தான்.

"குட்ச்சிட்டேன். போதுமா ஒனக்கு?" என்று எழுந்தான்.

எழுந்தவன் நிற்கவில்லை. முட்டி மடிந்து அப்படியே பெட்டியின் மேல் சரிந்தான். குடித்த தண்ணீர் வாந்தியாக வந்தது. நான் கையைப் பிடித்தேன், ஐஸில் கிடந்த மீன் மாதிரி ஜில்லென்று இருந்தது. நாடி நூல் போல ஓடியது. "கண்ணு இருட்டுதும்மே" என்றான்.

கயிற்றைப் பிடித்திருந்தாரே, அவர்தான் முதலில் அண்ணனைத் தூக்கினார். வெளியே சாலை அடைத்துக் கிடக்கிறது, ஆம்புலன்ஸ் வந்தாலும் உள்ளே வராது. மீன் ஏற்றுகிற ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்த கூடைகளைச் சரித்துத் தள்ளிவிட்டு, ஈரப் பலகை மேல் அண்ணனைக் கிடத்தினார்கள். நான் காலடியில் ஏறி உட்கார்ந்து அவன் கால்களை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். டிரெய்லர்களுக்கு நடுவில், நடைபாதை மேல், ஒரு கோயில் வாசல் வழியாக என்று அந்த வண்டி போன போக்கு இருக்கிறதே! திட்டிய மீன்காரம்மா முன்னால் ஓடி ஓடி வழி விடச் சொல்லிக் கத்தினார். அந்தம்மாவின் குரலுக்கு ஒரு டிரெய்லரே பின்னால் நகர்ந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். டாக்டர் ஒருவர், "ஜுரம் எப்போ விட்டது?" என்றார். "காலைல" என்றேன். "இன்னிக்கே வந்துட்டீங்க. ஜுரம் விட்டாச்சுன்னு வீட்டுல இருந்துட்டு, நாளைக்கு வர்றவங்களத்தான் நாங்க அதிகமாப் பாக்கறோம்" என்றார். அந்தக் கூச்சலை அடக்க மருந்து கிடையாது. சுவர் தானாக இறுகும் வரை, ஒழுகுகிற நீருக்கு ஈடாக அளந்து அளந்து நீர் ஏற்ற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. சில மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். நான் நர்ஸம்மாவின் பின்னாலேயே போய் எண்ணைக் கேட்பேன். ஐம்பது. நாற்பத்தெட்டு. மறுநாள் நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் மத்தியானம் நாற்பத்திரண்டு என்று சொன்னபோது, வார்டு வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். அண்ணி பயந்துபோய் ஓடிவந்தாள், என்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டத்தான் முடிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் பசிக்கிறது என்றான். இட்லியைத் தின்றுகொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ஏம்மே, பாதிக் கதைய சொல்லி என்னிய போட்டுத் தள்ளப் பாத்தியே."

"தப்புதாண்ணா. மெய்யாலுமே என் தப்புதான். மன்னிச்சுக்கோ." கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அய்ய, அழுவாத. மீதிக் கதைய சொல்லு. கையில ஊசி கீது, எங்க ஓடிடப் போறேன்?"

சொன்னேன். இந்தத் தடவை நிதானமாக, தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஜுரம் இறங்குவது கூண்டு இறங்குவது ஆகாது, இரண்டும் வேறு வேறு என்றேன். எச்சரிக்கை கொடுக்கிற குரல்கள் இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே வைரஸ் நம்மை முடித்துவிடும், ஆனால் அவை வேலை முடிந்த பிறகும் கத்திக்கொண்டே இருந்தால் கத்தலே நம்மைச் சாய்த்துவிடும் என்றேன். அவன் கடைசி இட்லித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான்.

"அது மேல தப்பு சொல்ல முடியாதும்மே. நல்லதுக்குத்தான் கத்துது. எங்க நிறுத்தணும்னு தெர்ல. ஒன்ன மாதிரியே வாய் அதிகம்."

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

படகு அண்ணன் விழுந்த மறுநாளே வேறு டிரைவரோடு கடலுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அண்ணனும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆனால் காசிமேட்டில் என்னைப் பார்த்தால் கொஞ்ச நாள் எல்லாரும் ஒதுங்கினார்கள். நான் மீன் வாங்கப் போனால், கிளம்பத் தயாராக இருக்கிற படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் தாண்டிப் போகும் வரை கயிற்றைத் தொட மாட்டார்கள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அண்ணன் மட்டும் போகிற இடமெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஜுரம் வுட்டா குந்து. ரெண்டு நாளு குந்து. ரத்தத்த பாத்துட்டு அப்பால போ" என்று படகு படகாகச் சொன்னான். யார் காதில் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, லேபில் இருக்கும்போது போன் வந்தது. அன்று கயிற்றைப் பிடித்திருந்தவர்.

"யக்கா, எங்க எஞ்சின்காரனுக்கு நேத்து ஜுரம் வுட்டுச்சு. தலைக்கு ஊத்திகினு வந்து போட்ல நிக்கறான். அண்ணன் சொல்லுது, நாங்க சொல்றோம், கேக்கமாட்றான். கொஞ்சம் வந்து கேட்டுட்டுப் போ."

"நான் இன்னா கேக்கணும்?"

அவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "அதான்க்கா. அன்னிக்கி கேட்டியே, அது. நாங்க கேக்கக் கூடாது. நீ வந்து கேளு."

ஊசியும் குழாயும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த முறை இரண்டு செருப்பும் காலில் இருந்தன. ஜெட்டியில் நான் வருவதைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மீன்காரம்மா, "வந்துட்டாடா, வந்துட்டா!" என்று கத்தினார். நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள், அந்த எஞ்சின்காரர் படகிலிருந்து குதித்து ஓடிவந்து, மீன் பெட்டி மேல் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டார்.

கேபினிலிருந்து அண்ணன் அலறினான். "வாயத் தொறக்காதம்மே! குந்திட்டான்!"